ஆச்சுக்கா என்று சொல்லும் வரை

நாம் "ஆச்சுக்கா" என்று சொன்ன பிறகுதான் அவர் திரும்புவார். அதுவரைக்கும் அவருடைய முகம் கடையின் உள்சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பார்த்தபடி இருக்கும். அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. தாளைக் கிழிக்கும் வழக்கமே அவருக்கு இல்லாததால், ஆடி மாதம் வந்த பிறகும் அதில் தை மாதம்தான் நடந்துகொண்டிருக்கும்.

முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்கு எதிரே இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று பெரிய டீக்கடை, இன்னொன்று அக்காவின் பெட்டிக்கடை. அவற்றில் ஒன்றில் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போய், ஷிப்டு முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். டீக்கடையில் கூட்டமாக இருந்ததால் நான் அக்கா கடைக்குப் போனேன். கொடுப்பதற்கு முன் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடலாம் என்று போனைத் திறக்கும் பின் நம்பரைப் போடக் கையை வைத்தேன். அவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் பக்கத்தில் ஒருவர் அப்படி முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் இவருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆச்சா?" என்றார், நாட்காட்டியைப் பார்த்தே.

"என்ன ஆச்சா?"

"நம்பரு போட்டாச்சா? போட்டுட்டு ஆச்சுன்னு சொல்லு. அப்புறம் திரும்புறேன்."

அப்படித்தான் பழக்கமானோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் பெயர்களையும் அவர் கேட்டதில்லை. போனைக் கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுப்பார். வில்லையைக் காட்டினால்தான் போன் திரும்பி வரும். சீருடைத் துணியில் அவரே தைத்த, வரிசையாகப் பைகள் வைத்த ஒரு திரை சுவரில் தொங்கும். ஒவ்வொரு போனும் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தபடிதான் அதற்குள் போகும். வீட்டிலிருந்து விடாமல் அழைப்பு வந்தால் எடுத்து, "ஷிப்டுல இருக்குதுங்க, அவசரம்னா சொல்லுங்க, செக்யூரிட்டிகிட்டச் சொல்லி அனுப்புறேன்" என்பார். அதற்குப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் உங்கள் போனோடு அவருக்கு எந்த உறவும் கிடையாது.

டீக்கடையில் வசதி அதிகம். அங்கே போனின் முதுகில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பெயரையும் பின் நம்பரையும் எழுதி வைத்துவிடுவார்கள். கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். காரணம் இருந்தது. ஊரில் வீட்டு வாசலில் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓடிபி கேட்பார். ஓடிபி மகளின் போனுக்கு வரும். மகளோ மெஷின் முன்னால் நிற்பாள். வீட்டிலிருந்து டீக்கடைக்காரருக்குக் கூப்பிட்டால் அவர் போனைத் திறந்து நம்பரைப் படித்துச் சொல்வார். நல்ல மனிதர், சலித்துக்கொள்ளவே மாட்டார். அதனால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் போனார்கள்.

நானும் அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "எங்க வீட்டுக்குச் சிலிண்டர் வந்தா என்னக்கா பண்றது?"

"உங்கம்மாகிட்ட போன் இருக்குதா?"

"பட்டன் போன் இருக்கு."

"போதும். ஏஜென்சில போயி அந்த நம்பரக் குடு. சிலிண்டரு அங்க வருது, ஓடிபி இங்க என்னாத்துக்கு வரணும்?"

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது மாற்றிவிட்டு வந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் உண்டு. உள்ளே நுழையும்போதும் சாப்பாட்டுக்கும் அதைத்தான் தட்டுவோம். கை அதற்கே பழகிப்போனதால், பாதிப் பேர் போனுக்கும் அதே நம்பரை வைத்திருந்தோம். அதே நம்பர் அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சாகி எங்கள் கழுத்தில் தொங்கியது. அக்கா ஒரு நாள் என் அட்டையை விரலால் தட்டி, "இதுதான் உன் நம்பருன்னா மாத்திட்டு வா. ஆமாவா இல்லையான்னு எங்கிட்டச் சொல்லாத" என்றார். நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். "சிரிச்சும் சொல்லாத" என்றார்.

வடக்கிலிருந்து வந்த ஓர் இளைஞன் தன் நம்பரை ஹிந்தியில் உரக்கச் சொன்னபோது, அவர் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான் ஹிந்தி தெரியாதே அக்கா" என்றேன். "இன்னிக்குத் தெரியாது. நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்னா?" என்றார். தெலுங்கு வீட்டில் பிறந்து, கன்னடக்காரர்களோடு வளர்ந்து, தமிழில் கடை நடத்தியவர். இன்னொரு மொழி எப்போது வேண்டுமானாலும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் அவருக்கு நியாயமானதுதான்.

எல்லாமே சரியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். போனின் முன்பக்கக் கேமரா வழியாக யாரோ பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கடையில் விற்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எல்லோருடைய கேமராவிலும் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். மீசை வைத்த ஆட்கள் எல்லாம் அரக்குப் பொட்டு வைத்த போனோடு பஸ் ஏறினார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏதோ ஃபைல் வந்து, திறந்தவர்களின் போன் பாழாய்ப் போன சமயத்தில் மட்டும் அவர் சொன்னது எல்லோருக்கும் உதவியது. "பத்திரிகை வெக்கிறவன் ஒரு வார்த்த பேசுவான். பேசாம ஃபைல மட்டும் அனுப்புனா தொடாத. போன் போட்டுக் கேளு, உனக்குக் கல்யாணமான்னு."

ரோஸ்லின் விஷயத்தில்தான் அவர் யார் என்று எனக்குப் புரிந்தது.

ரோஸ்லினும் நானும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். அடிக்கிற புருஷனைச் சூளகிரியில் விட்டுவிட்டு வந்து, எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்த்தாள். தன் அண்ணனைத் தவிர வேறு யாரோடும் தொடர்பில்லை. ஆனாலும் அவள் எங்கே போனாலும் புருஷன் அங்கே இருந்தான். அண்ணனைப் பார்க்கக் கிருஷ்ணகிரி போனால் பஸ் ஸ்டாண்டில் நின்றான். சர்ச் திருவிழாவுக்குப் போனால் வாசலில் நின்றான். அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ வருவேன்னு தெரியும்" என்று மட்டும் சொல்லிச் சிரித்தானாம்.

அண்ணனை விட்டால், அவள் எங்கே போகிறாள் என்பது முன்கூட்டியே தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். ஒரு நாள் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தனியாகச் சமைத்துக்கொண்டாள். ஒரே அறையில் இரண்டு குக்கர் விசில் அடித்தது. என்னை உளவுக்காரி என்று நினைக்கிறாள் என்பது புரிந்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அக்கா கடையில் போய்க் கொட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பொண்ணு போன எங்க வெக்கிது?"

"டீக்கடையில."

"நாளைக்கு இங்க கூட்டியா."

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் ரோஸ்லின் வேண்டா வெறுப்பாக வந்து நின்றாள். போனைத் திறக்கச் சொல்லிவிட்டு அக்கா நாட்காட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் கடைசிவரை திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார்.

"மெசேஜ் அனுப்புற ஆப்பத் தொற. மேல மூணு புள்ளி இருக்குது பாரு. அதத் தொடு. லிங்க்டு டிவைஸ்னு வருதா?"

"வருது."

"அதுக்குள்ள போ. ஏதாச்சும் இருக்குதா?"

ரோஸ்லின் போனை என் பக்கம் சாய்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது. இன்று கடைசியாகப் பயன்படுத்தியது என்றும் போட்டிருந்தது.

"எங்கிட்டக் கம்ப்யூட்டரே இல்லியேக்கா" என்றாள்.

"அவன்கிட்ட இருக்குதா?"

"இருக்குது."

அவ்வளவு நாளும் அவள் அண்ணனுக்கு அனுப்பிய ஒவ்வொரு வரியையும் அவன் சூளகிரியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்கா குரலை மாற்றாமல், அதை நீக்கச் சொன்னார். பிறகு போனைத் திறக்கும் நம்பரை மாற்றச் சொன்னார், அந்த ஆப்புக்குத் தனியாக ஒரு பூட்டு நம்பரும் போடச் சொன்னார், மேப்பில் யாருக்காவது இருப்பிடம் போகிறதா என்று பார்க்கச் சொன்னார். பூட்டியிருக்கும்போது செய்தி வெளியே தெரியாமல் மறைக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "ஆச்சா?" என்று கேட்டார். ரோஸ்லின் ஒவ்வொன்றுக்கும் "ஆச்சுக்கா" என்றாள்.

டீக்கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். அவர் மறைக்கவே இல்லை. "ஆமாம்மா, உங்க வூட்டுக்காரரு ஒரு நாள் வந்தாரு. சிலிண்டர் மெசேஜ் பாக்கணும்னாரு. புருஷன்தானேன்னு குடுத்தேன். கொஞ்ச நேரத்துல குடுத்துட்டாரே" என்றார். பிளாஸ்டரில் நம்பர் இருந்தது, அவன் திறந்து தன் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டு போய்விட்டான். அன்று அறைக்குத் திரும்பியதும் ரோஸ்லின் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவி வைத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவள் அக்கா கடைக்கு மாறினாள். பெங்களூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டாள். தங்கப்போகும் ஹாஸ்டலின் முகவரி போனில் வந்துவிட்டது. இங்கே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. செய்திகளைப் படிக்க இருந்த வழி அடைபட்டதும் அவள் புருஷன் நேரிலேயே வந்துவிட்டான்.

நாங்கள் உள்ளே வேலையில் இருந்தோம். டீக்கடையில் விசாரித்துவிட்டு அவன் அக்காவிடம் போயிருக்கிறான். வில்லை இல்லாமல் தர மாட்டேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவன் கடைக்குள் ஏறித் துணித்திரையைக் கிழித்து, சிலுவைப் படம் போட்ட உறையைப் பார்த்து அவள் போனை எடுத்துவிட்டான். பழைய நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறான், திறக்கவில்லை. "நம்பரச் சொல்லு" என்று அக்காவின் கையைப் பிடித்து முறுக்கினான். "தெரியாது, தெரியாது" என்று அக்கா கத்தியது கேட் வரைக்கும் கேட்டதாம். செக்யூரிட்டிகள் ஓடிவருவதற்குள் போனோடு பைக்கில் போய்விட்டான்.

தகவல் வந்து நாங்கள் வெளியே ஓடினோம். அக்கா ஒரு சோடா கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். விரல்கள் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்ன யாரையும் அவர் காதில் வாங்கவில்லை.

"அட்ரஸ் அதுல இருக்குதுக்கா" என்றாள் ரோஸ்லின்.

"போன அழிக்கணும். வேற போன் எடு, சீக்கிரம்."

நான் திரையின் கிழிந்த பையிலிருந்து என் போனை எடுக்கப் போனேன். "வில்லை எங்க?" என்றார். அந்த நிலையிலும் கேட்டார். எடுத்துக் காட்டினேன்.

என் போனில், தொலைந்த போனைத் தேடும் இடத்தைத் திறந்து ரோஸ்லினிடம் கொடுத்தேன். "பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குதா? சொல்லாத. போடு" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பினார். திரும்பும்போது கை அசைந்து, வலியில் அவர் உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. ஹைவேயில் சூளகிரிக்கு முன்னால், அசையாமல் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நம்பர்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

அழிக்கும் இடத்துக்கு வந்ததும் ரோஸ்லினின் விரல் நின்றுவிட்டது. செத்துப்போன அவள் அம்மாவின் படங்கள் எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன.

"அம்மா போட்டோவெல்லாம் அன்னிக்கே நெட்டுல ஏத்தச் சொன்னனே, ஏத்துனியா?" என்றார் அக்கா.

"ஏத்திட்டேன்."

"அப்ப அம்மா எங்கயும் போவல. அழுத்து."

அழுத்தினாள். சற்று நேரத்தில் புள்ளி மறைந்தது. சிம் கம்பெனிக்குக் கூப்பிட்டு அதையும் முடக்க வைத்துவிட்டு, "ஆச்சா?" என்றார். "ஆச்சுக்கா" என்றோம். அதன் பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தபோது, எனக்கு மனசு நிறைந்துபோய்ச் சொன்னேன். "கையை ஒடிச்சும் நீங்க சொல்லலையே அக்கா. எவ்வளவு தைரியம் உங்களுக்கு."

அவருக்கு வந்ததே கோபம். அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன். மொத முறுக்குலயே சொல்லியிருப்பேன். தெரியல, அதனால சொல்லல. தைரியம் கியிரியம்னு பேசாத."

பிறகு தானாகவே சொன்னார். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவரும் டீக்கடைக்காரரைப் போலத்தான் இருந்திருக்கிறார். இன்னும் ஒரு படி மேல். எழுதி வைக்காமலே எல்லோருடைய நம்பரும் அவருக்கு மனப்பாடம். அதில் அவருக்குப் பெருமை வேறு. ஒரு நாள் ஒரு பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பேர் வந்து தங்கச்சியின் போனைத் திறக்கச் சொன்னார்கள்.

"அடிக்கக்கூட இல்ல பாப்பா. ஒருத்தன் பிஸ்கட் பாட்டில் மேல கைய வெச்சுக்கிட்டு என்னையவே பாத்தான். அவ்வளவுதான். சொல்லிட்டேன். போன்ல எதையோ பாத்தானுங்க. ஹாஸ்டலுக்குப் போயி, அந்தப் பொண்ணக் கார்ல ஏத்திக்கிட்டு இந்த வழியாத்தான் போனானுங்க. அது கண்ணாடி வழியா என் கடையப் பாத்துக்கிட்டே போச்சு. அப்புறம் வரவே இல்ல."

அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் எப்படிப்பட்டவள்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. என்கிட்டத் தைரியம் இல்ல. இனிமே வரவும் வராது. தெரிஞ்சாத்தான சொல்லுவேன்? அதான் எதையும் தெரிஞ்சுக்கறதில்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் எங்கள் மேல் வைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். தன் மேல் அவருக்கு இருந்த பயம் அது என்று அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் மேல் எனக்கு அன்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவசரமாக நம்பரைப் போட்டு "ஆச்சுக்கா" என்று சொல்லிவிடுவேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். ரோஸ்லின் பெங்களூருக்குக் கிளம்பும் அன்று அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். எந்த ஏரியா என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். "பேடம்மா, பேடா" என்று கன்னடத்துக்குப் போய்விட்டார். "வேண்டாம். பத்திரமா இரு. அது போதும்."

பிறகு கம்பெனியே உள்ளே போன் பெட்டிகள் வைத்துவிட்டது. அக்கா கடையை மூடிவிட்டுப் பாகலூர்ப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனார். போன மாதம், அவருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது.

ரோஸ்லின் அனுப்பிய படத்தைக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். அவரால் முகத்தைத் திருப்ப முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நம்பரைப் போட்டு, "ஆச்சுக்கா" என்றேன். திறந்தார்.

புது யூனிபார்மில், கேக் வெட்டிக்கொண்டு ரோஸ்லின் சிரித்தாள். அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"எங்கன்னு சொல்லாத."

"சொல்லலக்கா. நல்லா இருக்கா."

"அந்தப் பொண்ணு?" என்றார்.

"இதுதான்க்கா ரோஸ்லின்."

"இது இல்ல. கார்ல போச்சே, அது." மூச்சு வாங்கினார். "அதோட நம்பரு இன்னும் ஞாபகம் இருக்குது பாப்பா. மறக்கப் பாத்தேன், முடியல. அது எங்க இருக்குதுன்னு எனக்கு வேணாம். உசிரோட இருக்குதான்னு மட்டும் உன் போன்ல பாத்துச் சொல்லு."

எங்கள் யாருடைய பெயரையும் கேட்காதவர், அந்தப் பெண்ணின் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் ஒன்று விடாமல் சொன்னார். அதற்குள் என் போன் திரை அணைந்திருந்தது. மறுபடி நம்பர் போட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தேன். பெயரைப் போட்டுத் தேடினேன். அந்தப் பெயரில் எத்தனையோ பெண்கள் வந்தார்கள். அப்பா பெயரைச் சேர்த்துப் பார்த்தேன். ஊரைச் சேர்த்துப் பார்த்தேன். மூன்றும் ஒத்துவருகிற பெண் ஒருத்திகூட வரவில்லை. வேறொரு ஆப்பிலும் தேடிப் பார்த்தேன். அக்கா கண்ணை இறுக மூடியபடி காத்திருந்தார். நான் இன்னும் "ஆச்சுக்கா" என்று சொல்லவில்லை.